தண்டனைக் குறைப்பு கேட்டு வரும் கடிதங்கள்

அமெரிக்காவில் ஃபெடரல், அதாவது மத்திய அரசு தொடுக்கும் குற்ற வழக்குகளை எடுத்து நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சட்ட உதவியாளராக இருக்கிறேன். தீர்ப்பு வந்த பிறகு சிறையிலிருந்து வருகிற தபாலைப் படித்துப் பிரிப்பது என் வேலை. பெரும்பாலான கடிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் கேட்கும். "குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அரசுத் தரப்போடு பேசிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன். இனி தண்டனையைக் குறைக்க வழி இருக்கிறதா?"

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெறுகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஜூரி முன்னால் நிற்பதே இல்லை, ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் கண்ணெல்லாம் மாதக் கணக்கின் மேல்தான் இருக்கும். ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்தியை நீதிபதி வாய்விட்டுக் கேட்பார், இவர்களும் "புரிந்தது" என்பார்கள். அது உண்மையில் புரிவது சிறைக்குப் போன பிறகுதான்.

கடிதத்தோடு சான்றிதழ்கள் வரும். சிறையில் படித்த வகுப்புகள், போதகர் எழுதிய நற்சான்று, வெளியே வந்தால் வேலை தருகிறேன் என்று ஒரு மாமனாரின் கடிதம். நான் முதலில் அவற்றைத் தொடுவதில்லை. தீர்ப்பான தண்டனையை நீதிபதி நினைத்தபோதெல்லாம் திறந்து பார்க்க முடியாது, சட்டம் விட்டுவைத்த சில வழிகளில்தான் முடியும். அதில் ஒன்றாவது இந்த ஆளுக்குப் பொருந்துமா என்பது முதல் கேள்வி. நல்லவராக மாறிவிட்டாரா என்பது அதற்குப் பிறகுதான் வரும். குடும்பங்கள் இதைத் தலைகீழாக நம்பிக்கொண்டிருப்பதால் ஃபோனில் பேசுவது சங்கடமாகவே இருக்கும்.

அதிகம் பேர் கேட்டது 2023-இல் வந்த திருத்தத்தைப் பற்றி. முன் குற்றப் பதிவுக்கு ஒரு புள்ளிகூட இல்லாதவர்களுக்கு, வன்முறை, துப்பாக்கி போன்ற விலக்குகள் எதுவும் இல்லையென்றால், தண்டனை அட்டவணையில் (குற்றத்தின் கடுமையைப் படிகளாகப் பிரித்து, எத்தனை மாதம் என்று சொல்வது) இரண்டு படி குறையும். பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என்று அறிவித்தார்கள். உடனே சிறை முழுக்கப் பேச்சு, எங்களுக்குத் தபால் மழை.

இங்கேதான் எனக்கு இன்றுவரை ஜீரணிக்காத ஒரு கணக்கு வருகிறது. 29-ஆம் படியில் இருந்தவருக்கு அட்டவணை சொல்வது 87 முதல் 108 மாதம். இரண்டு படி இறங்கினால் 70 முதல் 87. ஒருவருக்கு நீதிபதி கண்டிப்பாக 87 கொடுத்திருந்தால் இப்போது அது 70 வரை இறங்கலாம். அதே படியில் இன்னொருவர். அவருடைய நோய், பிள்ளைகள், வளர்ந்த சூழல் எல்லாவற்றையும் கேட்டு நீதிபதி மனமிரங்கி அன்றே 60 கொடுத்திருந்தார். அவருக்கு ஒரு நாள்கூடக் குறையாது, ஏனென்றால் புதிய வரம்பின் கீழ் எல்லையான 70-ஐத் தாண்டிக் கீழே போகக்கூடாது என்பது விதி. அரசுத் தரப்புக்கு ஒத்துழைத்ததற்காகத் தண்டனை குறைந்திருந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது இரக்கத்தில் கிடைத்தது வேறு, தகவல் கொடுத்துக் கிடைத்தது வேறு. இந்த அட்டவணை 2005-லிருந்து நீதிபதிகளுக்கு வெறும் வழிகாட்டிதான். ஆனால் இந்த மனுக்களில் அந்தக் கீழ் எல்லை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. 60 மாதக்காரரின் மனைவியிடம் இதை விளக்கியபோது, "அப்போ அந்த ஜட்ஜ் நல்லவரா இருந்ததுதான் தப்பா?" என்று கேட்டார். விதியைத் திரும்பச் சொல்வதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

இத்தனை மாதம் என்று எண்ணைச் சொல்லியே ஒப்பந்தம் போட்டவர்கள் நிலை முன்பு இன்னும் மோசம். "பேரம் பேசி வாங்கிய எண், அட்டவணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று அரசு வழக்கறிஞர்கள் வாதிடுவார்கள். 2018-இல் ஹியூஸ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை மாற்றியது. நீதிபதி அந்த எண்ணை ஏற்கும்போது அட்டவணையும் கணக்கில் இருந்திருந்தால் கதவு திறக்கும். அதனால் பழைய விசாரணைப் பதிவுகளைத் தேடி எடுத்து, நீதிபதி அன்று அட்டவணையைப் பற்றி என்ன பேசினார் என்று வரி வரியாகப் பார்ப்பேன். அலுப்பான வேலைதான், ஆனால் எனக்குப் பிடித்தது.

தண்டனைக்கு முந்தைய அறிக்கை என்று ஒன்று உண்டு. எந்தப் படி, எத்தனை புள்ளி எல்லாம் அதில்தான். அதன் பிரதியைக் கைதி தன்னிடம் வைத்துக்கொள்ள ஃபெடரல் சிறைகளில் அனுமதி இல்லை. யார் காட்டிக்கொடுத்தார் என்று மற்றவர்கள் அதைப் பிடுங்கிப் படித்து அடித்த கதைகள் காரணம். அதிகாரி முன்னால் பார்க்கலாம், அவ்வளவுதான். எனவே கடிதத்தில் அவர்கள் எழுதும் படி எண்ணை நான் நம்புவதில்லை, கோப்பை எடுத்துச் சரிபார்ப்பேன்.

ஒத்துழைப்புக்கான குறைப்பு, விதி 35, அரசு மனு போட்டால்தான் நடக்கும். கைதியே கேட்க முடியாது. ஒப்பந்தத்தையே உடைக்க நினைப்பவர்களிடம் வக்கீல் ஒன்று சொல்வார்: ஜெயித்தால் கைவிடப்பட்ட குற்றச்சாட்டுகளும் திரும்பி வரலாம். பாதிப்பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கருணை விடுதலை மனு 2018-க்கு முன் சிறைத்துறை வழியாகத்தான் வர முடியும். இப்போது வார்டனிடம் (சிறையின் தலைமை அதிகாரி) கேட்டு 30 நாள் கழிந்தால் கைதியே நீதிமன்றம் போகலாம். சில ஒப்பந்தங்களில் இந்த உரிமையையும் எழுதி வாங்கியிருந்தார்கள். 2022-இல் நீதித்துறை அமைச்சகமே அப்படிச் செய்யாதீர்கள் என்று தன் வக்கீல்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. தீராத நோய், முதுமை போன்ற அசாதாரணக் காரணம் வேண்டும். நன்னடத்தை மட்டும் போதாது.

இப்போதெல்லாம் வழி இல்லாதவர்களுக்கு எழுதும் பதிலில் இன்னொரு பத்தியும் சேர்க்கிறேன். நன்னடத்தைக்கு விதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 54 நாள் வரை கழியும். தகுதி உள்ளவர்கள் வகுப்புகளில் சேர்ந்து சேர்க்கும் நாட்களால் மேற்பார்வை விடுதலைக்கு ஓராண்டு வரை முன்னதாகவே போகலாம். போதைப் பழக்கத்துக்கான நீண்ட சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் சிலருக்கு இன்னும் ஓராண்டு வரை. எதற்கும் நீதிபதி தேவையில்லை, ஒப்பந்தமும் குறுக்கே நிற்காது. 60 மாதக்காரருக்கு அந்தச் சிகிச்சைக்குத் தகுதி இருந்தது. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மனுவுக்கு வைத்திருந்த பணத்தைப் பத்திரமாக வையுங்கள், முதலில் சிறையில் உங்கள் விவகாரங்களைப் பார்க்கும் கேஸ் மேனேஜரிடம் பெயரைக் கொடுங்கள் என்று எழுதினேன்.