நான்கு திருகாணிகளும் நாற்பது நிமிடங்களும்

இடது காதில் தொலைபேசியை வைத்தால் மறுமுனையில் பேசுவது யார் என்றே விளங்காத நிலை எனக்கு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. முதலில் சென்ற கிளினிக்கில் காதுக் குறும்பி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான், செவி நரம்பை ஒட்டி 1.8 சென்டிமீட்டர் அளவில், புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி இருப்பது தெரிந்தது.

அடுத்த ஸ்கேனில் அது வளர்ந்திருந்ததால் காத்திருந்து பார்க்க இயலவில்லை. முக நரம்பும் அதை ஒட்டியே செல்வதால் மண்டையைத் திறக்க என் மனம் ஒப்பவில்லை. கோலாலம்பூரில் என்னைப் பார்த்த நிபுணர், மண்டையைத் திறக்காமல் கதிர்களைக் கொண்டே கட்டியைத் தாக்கும் காமா நைஃப் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்த முறை இது. கருவியில் 192 கோபால்ட்-60 கதிர்மூலங்கள் உள்ளன. தனித்தனியே மூளையைக் கடக்கும்போது மெலிதாக இருக்கும் கதிர்கள், அனைத்தும் கூடும் இடத்தில் மட்டுமே கட்டியைத் தாக்கும் வலிமை பெறுகின்றன.

அன்று காலை நெற்றியில் இரண்டும் பின்தலையில் இரண்டுமாக நான்கு இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். “ஊசிதான்க்கா கடுக்கும், அப்புறம் இறுக்கிப் பிடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தாதி சொன்னது அப்படியே நடந்தது. திருகாணிகளை முடுக்கியதும், தலையை அசையாமல் பிடிக்கும் ஒரு கனமான சட்டம் தலைக்கு வந்துவிட்டது. அதனுடனேயே ஸ்கேன் எடுத்து, மருத்துவரும் இயற்பியலாளரும் திட்டம் வகுக்கும் வரை காத்திருந்த நேரம்தான் மிக நீண்டது. கண்ணாடியில் என்னைப் பார்க்க வேண்டாம் என்று தங்கை தடுத்துவிட்டாள். கதிர் பாய்ச்சியது நாற்பதே நிமிடம். வலியும் இல்லை, சத்தமும் இல்லை. சட்டத்தைக் கழற்றியதும் தலை கனத்து வலித்தது, அவ்வளவுதான். மறுநாள் செந்தூலில் என் வீட்டுச் சமையலறையில் நின்று நானே தேநீர் கலக்கினேன்.

இச்சிகிச்சையால் கட்டி உடனே மறைந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். வளர்ச்சியை நிறுத்துவதே இதன் நோக்கம். ஆறாம் மாத ஸ்கேனில் கட்டி சற்றுப் பெருத்திருப்பதைக் கண்டு நான் அழுதுவிட்டேன். கதிர்பட்ட கட்டி முதலில் வீங்குவது இயல்பே என்றும், அதன் நடுப்பகுதி கருத்திருப்பது நல்ல அறிகுறி என்றும் மருத்துவர் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். மூன்றாம் ஆண்டில் அது சுருங்கத் தொடங்கியிருந்தது. முகம் கோணவில்லை, கண் மூடுவதிலும் குறையில்லை. போன செவிப்புலன் மட்டும் திரும்பவில்லை; தங்கை இன்றும் மேசையில் என் வலப்பக்கமே அமர்கிறாள்.