குப்பை பிரிய வேண்டிய இடம் சமையலறை

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு முடிச்சிடும் பழக்கத்தை நாம் விட்டேயாக வேண்டும். எண்ணெய் ஊறிய அட்டையை மறுசுழற்சிக்காகக் கூழாக்கும்போது அந்த எண்ணெய் நார்களில் ஒட்டிக்கொண்டு தாளின் தரத்தைக் கெடுப்பதால், ஈரக்குப்பையோடு சேர்ந்த நல்ல காகிதமும் வீணாகிறது. காய்கறித் தோல் குப்பைமேட்டில் காற்றுப்படாமல் புதைந்தால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. அதையே துளையிட்ட தொட்டியில் காய்ந்த சருகுடன் அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால், சில மாதங்களில் நாற்றமில்லாமல் பொலபொலவென்று உதிரும் எருவாகிவிடும் (சருகு குறைந்தால் நாற்றமெடுக்கும்). அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தினால், தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகும். பிளாஸ்டிக்கோ உருக்க உருக்கத் தரம் குறைவது. அதை வாங்காமல் தவிர்ப்பதே மேல். உடைந்த கண்ணாடியைத் தயவுசெய்து தடித்த தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் பலர் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார்கள்.