பாலைப்பழக் காலமும் வன்னிக் கரடியும்

ரொறன்ரோவிலிருந்து அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். விடுமுறைக்கு வடக்கே ஓர் ஏரிக்கரைக்குப் போன இடத்தில், குப்பை வாளியை ஒரு கருங்கரடி உருட்டுகிறது. அத்தான் சட்டியைத் தட்டிச் சத்தம் போட, ஓடிப்போய் மரத்தில் ஏறிவிட்டது. "எங்கட வன்னிக் கரடியும் இப்பிடித்தானே ஓடும், தம்பி?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, எழுதுகிறேன்.

ஓடாது அக்கா. இரண்டும் கறுப்புத்தான், ஆனால் வேறு வேறு இனம், வேறு வாழ்க்கை.

கனடாக் கரடியின் வருடம் குளிரைச் சுற்றியே ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் தின்று தின்று கொழுப்புச் சேர்க்கும். பிறகு குகைக்குள் மாதக்கணக்கில் உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை, சிறுநீர் கழிப்பதும் இல்லை. உடலில் சேரும் யூரியாவைத் திரும்பப் புரதமாக்கிக்கொள்வதால் தசையும் அதிகம் கரையாது. எனக்குப் பெரும் வியப்பு அதன் கரு. கோடையில் சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டாது, காத்திருக்கும். தாயிடம் போதிய கொழுப்பு இருந்தால்தான் நவம்பர் அளவில் ஒட்டி வளரும். சனவரி அளவில், குகைக்குள்ளேயே, அரைக் கிலோவும் இல்லாத குட்டிகள் பிறக்கும்.

இலங்கையின் வடக்கே, வன்னிக் காடுகளில் வாழும் எங்கள் கரடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. அதன் உயிர்ப்பே கறையான் புற்றுத்தான். மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு இல்லை. நீண்ட நகத்தால் புற்றைக் கிளறி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியாக மண்ணை ஊதித் தள்ளிக் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். குட்டிகள் தாயின் முதுகு மயிரைப் பிடித்தபடி சவாரி போகும்.

ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் பெரியப்பா, யானையை விடக் கரடிக்குத்தான் பயம் என்பார். "யானை வாறது தெரியும். கரடி தெரியேக்க முகத்தில நிக்கும்." உறிஞ்சும் மும்முரத்தில் அதற்கு ஆள் வருவது கேட்பதில்லை. திடீரென்று கண்டதும் பாய்கிறது. மரத்தில் ஏறித் தப்பலாம் என்றால், இங்கே சிறுத்தையும் மரம் ஏறும். அதனால்தான் நின்று எதிர்க்கும் குணம் வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. கொடூரமான மிருகம் என்று ஊரில் சொல்லும்போது மனம் ஒப்புவதில்லை. அது பயந்துதான் அடிக்கிறது. காட்டுக்குள் போகிறவர்கள் கூட்டமாக, உரத்துக் கதைத்துக்கொண்டு போனாலே பெரும்பாலும் அது முன்னமே விலகிவிடும்.

இப்போது பாலைப்பழக் காலம். யூன், யூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறதே, உதடு ஒட்டும் அந்தச் சின்ன மஞ்சள் பழம், கரடிக்கும் உயிர். கறையானைக்கூட விட்டுவிட்டு மரம் ஏறிக் கொப்பில் இருந்து தின்னும். கொட்டைகள் எச்சத்தோடு காட்டில் வேறிடத்தில் விழும். மனிதரும் கரடியும் ஒரே மரத்தடியில் முட்டிக்கொள்வதும் இந்த மாதங்களில்தான்.

என் கோபமெல்லாம் கொப்பு வெட்டுகிறவர்களோடு. பழம் ஆய நேரமாகிறது என்று கொப்பையே தறித்து விழுத்துகிறார்கள், சில இடங்களில் மரத்தையே. பாலை மிக மெதுவாக வளரும் மரம். இலங்கைக் கரடி அழியும் ஆபத்தில் உள்ள துணையினம், காட்டில் மிஞ்சியிருப்பது ஆயிரத்துக்கும் குறைவு என்றே மதிப்பிடுகிறார்கள். தறித்த கொப்பில் அடுத்த வருடம் அதற்கும் பழமில்லை, எங்களுக்கும் இல்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் வாங்கும்போது, எப்படி ஆய்ந்தது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். ஏறி உலுப்பி, கீழே படங்கு விரித்துப் பொறுக்கியது என்று சொல்கிறவரிடம் விலை கொஞ்சம் கூட. கொடுக்கலாம். நீங்களும் கேளுங்கள்.