பழைய போர்டில் புதிய மூளை: 2200ஜி-யை எடுத்து 5600 போட்ட கதை

சீட்டுக் காசு கைக்கு வந்ததும் நான் முதலில் வாங்கியது கிராபிக்ஸ் கார்டு. பாவித்த ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி மெமரி, 132 வாட், 1080பி திரைக்குத் தாராளமாகப் போதும். என் மெஷினில் அதுவரை இருந்தது 2018-இல் வந்த ரைசன் 3 2200ஜி என்ற ஏஎம்டி புரோசசர். நான்கு கோர் (கணக்குப் பார்க்கும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), உள்ளேயே சின்ன வேகா கிராபிக்ஸ். கார்டைச் செருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். அன்று இரவு கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கேமைப் போட்டுப் பார்த்துவிட்டு அவன் சொன்னது: "அண்ணே, படம் சூப்பரா இருக்கு. ஆனா வெட்டி வெட்டி ஓடுது."

பாவித்த கார்டு என்பதால் முதலில் அதன்மேல்தான் சந்தேகம் வந்தது. கார்டும் புரோசசரும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு, ஓடும்போதே திரையில் எண்களைக் காட்ட வைத்தேன். கார்டு 45-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் பாதி சும்மா நிற்கிறது. புரோசசரின் நான்கு கோரும் 100-ஐத் தொட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உறுதிப்படுத்த ரெசொலூஷனை 720பி-க்கு இறக்கினேன். ஃபிரேம் எண்ணிக்கை (வினாடிக்கு எத்தனை படம் என்பது) அசையவே இல்லை.

புரோசசர் மாற்ற நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். காசும் செலவில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், குண்டு எந்தப் பக்கம் போகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது புரோசசர். அதை வரைவது கார்டு. ரெசொலூஷனைக் குறைத்தால் வரைகிற வேலை மட்டும்தான் குறையும். குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால், கார்டு வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த நாள் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போக இருந்தவன், அந்த எண்ணத்தை விட்டேன்.

2200ஜி இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணமும் உண்டு. 2022-இல் மாற்றலாம் என்றுதான் இருந்தேன். அந்த மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் இல்லை. 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது. கொழும்புக் கடைகளில் காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. அப்போது வீட்டில் புரோசசர் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

இந்த முறை நேராக இரண்டில் வந்து நின்றேன்: ரைசன் 5 5600, இன்டெல் கோர் ஐ5-12400எஃப். இரண்டு வாரம் ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்த்தே கழிந்தது. இரண்டும் 2022-இல் வந்தவை. இரண்டுக்கும் ஆறு கோர், 12 த்ரெட். இரண்டும் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், இரண்டின் பெட்டியிலும் 65 வாட். என் கார்டையும் வினாடிக்கு 75 படம் மட்டும் காட்டும் தம்பியின் 75 ஹெர்ட்ஸ் மொனிட்டரையும் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒன்றை எடுத்து மற்றதை மாட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. இது விளங்கியபிறகு வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டு, புரோசசரைச் சுற்றி என்னவெல்லாம் மாற வேண்டும் என்று கொப்பியில் எழுத ஆரம்பித்தேன்.

12400எஃப் எடுத்தால், அதற்குச் சொக்கட் (புரோசசர் உட்காரும் இடம்) வேறு என்பதால், புதிய போர்ட், அதாவது மதர்போர்ட் வேண்டும். டிடிஆர்4 வகை ரேம் போடும் போர்டாகப் பார்த்து வாங்கினால் பழைய ரேம் தப்பும், ஆனாலும் போர்ட் செலவு செலவுதான். ரைசன் 5 7600 என்றால் போர்டோடு டிடிஆர்5 ரேமும் சேரும். ஒன்றுமே இல்லாமல் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். அந்த ஏஎம்5 சொக்கட்டுக்கு 2027-க்கும் அப்பால் புரோசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 5600-க்கோ என் பழைய பி450 போர்டே போதும். அதே ஏஎம்4 சொக்கட், அதே ரேம், அதே பவர் சப்ளை. பயோஸை (மெஷினை எழுப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) மட்டும் அப்டேட் பண்ண வேண்டும்.

நடுவில் அதே போர்டில் போடக்கூடிய 5700எக்ஸ்3டி புரோசசர்மேல் ஆசை வந்தது, அதையும் சொல்ல வேண்டும். 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி, அதில் 96. கேஷ் என்றால் என்ன என்று தம்பி கேட்டபோது எங்கள் அடுப்படியைக் காட்டினேன். உப்பு டப்பா கையெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு நொடி. இல்லையென்றால் லயத்திலிருந்து (எங்கள் தோட்டத்து வரிசை வீடு) இறங்கி ரோட்டுக் கடைக்குப் போக வேண்டும். கேஷ்தான் அந்த அலமாரி, ரேம் ரோட்டுக் கடை. கேம்கள் ஒரே சாமானைத் திரும்பத் திரும்பக் கேட்பவை, அதனால் அலமாரி பெரிதாக இருந்தால் நன்றாகவே வித்தியாசம் தெரியும். ஆனால் அதற்குக் கூலர் (புரோசசரைக் குளிர்விக்கும் விசிறி) பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். 105 வாட் புரோசசர் அது. என் போர்டில் புரோசசருக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் இடத்தின்மேல் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு, ஒரு ஹீட்சிங்க்கூட இல்லை. 75 ஹெர்ட்ஸ் திரைக்காக அந்தப் போர்டை அவ்வளவு வருத்த மனம் வரவில்லை.

5600 என்று முடிவு செய்தேன். ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்பு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மேலும் கீழும் ஏறி இறங்கி நாலைந்து கடையில் விலை கேட்டு, பில்லும் வொரன்டியும் எழுதி வாங்கிக்கொண்டு, இரவு பத்து மணிக்கு வீடு. அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இம்புட்டுக் காசுக்கு, கிரீம் கிரேக்கர் சைஸ்கூட இல்லையேடா" என்றார். கீழே இருக்கும் 1331 ஊசிகளைத் தூரத்திலிருந்தே காட்டினேன். ஒன்று வளைந்தாலும் போச்சு என்றதும் பெட்டியை அவரே மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அது அந்தத் தட்டிலேயே இருந்தது. காரணம் பயோஸ்.

என் போர்ட் 5600 வருவதற்கு வெகு முன்னமே வந்தது. அப்டேட் பண்ணாமல் புதிய புரோசசரை மாட்டினால் திரையே வராது. பழைய 2200ஜி உள்ளே இருக்கும்போதே அப்டேட்டை முடிக்க வேண்டும். புரோசசரே இல்லாமல் யுஎஸ்பியால் அப்டேட் பண்ணும் பட்டன் சில போர்ட்களில் உண்டு, என்னுடையதில் இல்லை. வேலை என்னவோ நாலு நிமிஷம்தான். ஆனால் அந்த நாலு நிமிஷத்துக்குள் கரன்ட் போனால் போர்ட் செத்தது மாதிரி. ஒக்டோபர் மாதம். எங்கள் பக்கம் மதியம் வரை வெயில், இரண்டு மணிக்கு மேல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து இடி. இடியோடு கரன்டும் போய்ப் போய் வரும். நம் மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில்தான் பொல்பிட்டியவிலும் லக்சபானவிலும் கரன்ட் எடுக்கிறார்கள், ஆனால் ஒரு கிளை முறிந்து வயரில் விழுந்தால் எங்கள் லயம் இருட்டுதான்.

கரன்ட் போனால் பெட்டரியில் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் இருக்கிறதே என்று நினைத்தேன். 650 விஏ, வாங்கி நான்கு வருடம். நம்புவதற்கு முன் சோதிக்கலாம் என்று, மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் பிளக்கைக் கழற்றினேன். ஒரு நிமிஷம் நாற்பது வினாடியில் எல்லாம் அணைந்தது. அதை நம்பி பயோஸில் கை வைத்திருந்தால் போர்டை இழந்திருப்பேன். ஹட்டனுக்குப் போய் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பெட்டரி ஒன்று வாங்கி, பழையதை எடுத்து இதைப் போட்டேன், இரவு முழுக்க சார்ஜ். திரும்பச் சோதித்தபோது 20 நிமிஷம் தாண்டியும் நின்றது. மலைநாட்டில் பயோஸ் அப்டேட் பண்ணப் போகிற எல்லாருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: யூபிஎஸ் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணி, வானம் சுத்தம். போர்ட் தயாரிப்பாளரின் தளத்தில் 5600 எந்தப் பதிப்பிலிருந்து என்று பட்டியலில் பார்த்து, அந்தப் பதிப்புக்குப் போகும் வழியில் இன்னொரு பதிப்பை முதலில் ஏற்றச் சொல்லியிருந்ததையும் பார்த்து (அந்தச் சின்ன எழுத்தைத் தாண்டிப் போகாதீர்கள்), இரண்டு ஃபைலையும் எஃப்ஏடி32-இல் ஃபோர்மட் பண்ணிய பென்டிரைவில் போட்டேன். இரண்டு முறை, நாலு நாலு நிமிஷம். அந்த எட்டு நிமிஷமும் தம்பி யாரையும் சுவிட்ச் பக்கம் விடாமல் வாசலில் நின்றான்.

அப்புறம் கூலரைக் கழற்றும் வேலை. இதிலும் எங்கள் குளிருக்கு ஒரு பங்கு உண்டு. இன்டெல்லின் அந்தச் சொக்கட்டில் ஊசிகள் போர்டில் இருக்கும், புரோசசரை ஒரு தகடு அழுத்திப் பிடித்திருக்கும். ஏஎம்4-இல் ஊசிகள் புரோசசரில், பிடித்திருப்பது ஒரு நெம்புகோல் மட்டும். புரோசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்தது, அதோடு 15 டிகிரி அறை என்றால் பேஸ்ட் கோந்து மாதிரி இறுகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் புரோசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் முதலில் இருபது நிமிஷம் ஒரு கேமை ஓடவிட்டுச் சூடாக்கினேன். அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஸ்க்ரூவை எடுத்ததும், கூலரை மேலே தூக்காமல் இடமும் வலமும் மெதுவாகத் திருகினேன். மூன்றாவது திருகலில் வழுக்கிக்கொண்டு வந்தது.

5600 மாட்டி, பேஸ்ட் வைத்து, பெட்டியில் வந்த கூலரைப் பூட்டி, ஒன் பண்ணினால் அரை நிமிஷம் கறுப்புத் திரை. பிறகு படம். தம்பி கத்தியதில் பக்கத்துக் காம்பராவிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

ஆனால் அன்று வந்த வேகம் எனக்குத் திருப்தி இல்லை. கூடியிருந்தது, எதிர்பார்த்த அளவு கூடவில்லை. டாஸ்க் மெனேஜரைத் திறந்தால் ரேம் 2400-இல் ஓடுகிறது. என் ரேம் 3200. பயோஸ் அப்டேட்டில் பழைய செட்டிங் எல்லாம் அழிந்து, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி செட்டிங்கும் போயிருந்தது. திரும்ப அதைப் போட்டேன். இன்னொன்று, அதுவரை ஒரே ஒரு 8 ஜிபி குச்சிதான். ஒற்றைக் குச்சியில் ரேமுக்கும் புரோசசருக்கும் நடுவே பாதிப் பாதைதான் திறந்திருக்கும். அடுத்த சம்பளத்தில் அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி. எண்களில் சராசரி கூடியதைவிட, வெட்டு நின்றதுதான் கைக்குத் தெரிந்தது. இப்போது கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது. 720பி-க்கு இறக்கினால் ஃபிரேம் ஏறுகிறது. அதாவது இப்போது கார்டுதான் எல்லை, புரோசசர் இல்லை. நான் தேடியது அதுதான்.

கார்டு போர்டோடு பேசும் பாதைக்குப் பிசிஐ என்று பெயர். பி450-இல் கார்டுக்குப் பிசிஐ 3.0 தான், 6600-க்கு அதில் எட்டு லேன்தான். பி550 போர்ட் இருந்தால் அதைவிட வேகமான 4.0 கிடைக்கும். அதனால் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனால் அதற்காகப் போர்ட் மாற்ற மாட்டேன்.

புரோசசரின் வெப்பத்தைக் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் நண்பனுடையதோடு ஒப்பிட்டேன். அதே 5600, அதே பெட்டிக் கூலர். அவன் அறை 30 டிகிரி, அவனுக்கு 80. என் அறை இரவில் 16, எனக்கு 66. கூலர் தீர்மானிப்பது, புரோசசர் அறைக் காற்றைவிட எவ்வளவு மேலே நிற்கும் என்பதை மட்டும்தான். காற்று குளிர்ந்தால் எல்லாம் சேர்ந்து இறங்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக்காரர்கள் இந்த 65 வாட் புரோசசர்களுக்குத் தனிக் கூலருக்குக் காசு போட வேண்டாம். அதை யூபிஎஸ் பெட்டரிக்குப் போடுங்கள்.

ஒரு விஷயத்தில் 5600-ஐ நான் குறை சொல்வேன். உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு ஒரு நாள் படுத்தால் திரையே இருக்காது, வொரன்டிக்குக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும், இரண்டு மூன்று வாரம் போய்விடும். 12400எஃப்-உம் இதே கதைதான், எஃப் இல்லாத 12400 எடுத்தால் தப்பலாம். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் கேஷ் பாதி, 16 எம்பி. அதனால் 2200ஜி-யை விற்கவில்லை. புதிய பயோஸிலும் அது ஓடும் என்று பட்டியலில் பார்த்துக்கொண்டேன். ஊசிகளைக் கறுப்புப் பஞ்சில் குத்தி, 5600 வந்த பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, ஈரத்துக்கு இரண்டு சிலிக்கா பக்கெட்டும் போட்டு, பிஸ்கட் டின்னில் மூடி வைத்திருக்கிறேன். டின்னின்மேல் தம்பி மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறான்: "அவசரத்துக்கு மட்டும்".