ரோண்டோவில் கண்ணை அளப்பது: பாவையை மட்டும் நம்பினால் வெளிச்சத்தைத்தான் அளப்பீர்கள்

1966-ல் உளவியலாளர்கள் கானமனும் பீட்டியும் ஆட்களிடம் எண் வரிசைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார்கள். நினைவில் வைக்க வேண்டிய எண்கள் கூடக் கூடக் கண்பாவை விரிந்தது. ரோண்டோ (சுற்றி நிற்பவர்கள் பந்தைக் கடத்த, நடுவில் இருப்பவர் பறிக்கப் பார்ப்பது) போன்ற கால்பந்துப் பயிற்சியில் மனச்சுமையைக் கண்ணால் அளக்கலாம் என்ற ஆசைக்கு அதுதான் வேர். ஆனால் மனச்சுமையால் பாவை விரிவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். வெளிச்சமோ அதே பாவையை 2-லிருந்து 8 மி.மீ. வரை ஆட்டிவைக்கும். மேகம் ஒன்று நகர்ந்தாலே உங்கள் அளவீடு போச்சு. வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு ஒளி வேறு, கண்ணை அளக்க ஆட்டக்காரர் அணியும் கண்ணாடியின் கேமராவைக் குழப்பும்.

அதனால் முதல் விதி: பாவையை அளப்பதென்றால் உள்ளரங்கம், ஒரே விளக்கு, வெயில் விழாத ஜன்னல். மைதானத்தில்தான் அளக்க வேண்டும் என்றால் பாவையை விட்டுவிட்டு, பார்வை எங்கே போகிறது என்பதை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது எதிரி ஓட்டம். உடல் உழைத்தாலும் பாவை விரியும். 4-க்கு 1 ரோண்டோவையும் 4-க்கு 2 ரோண்டோவையும் ஒப்பிட்டு 'இதில் சுமை அதிகம்' என்றால், பாதி மூச்சிரைப்பைத்தான் அளந்திருப்பீர்கள். ஓட்டத்தை மாற்றாமல் முடிவெடுப்பதை மட்டும் கடினமாக்க வேண்டும். இப்படிச் செய்யலாம்: ஆட்டக்காரர் 8 மீட்டர் சதுரத்தின் நடுவில் நிற்கட்டும். 5 நொடிக்கு ஒரு பந்து, நிமிடத்துக்கு 12. முதல் சுற்றில் வந்த ஆளுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் பந்து வரும்போது கோச் தூக்கும் அட்டையின் நிறத்துக்கு உரிய கேட் (இரு கூம்புகளுக்கு நடுவிலான இடைவெளி) வழியாக அடிக்க வேண்டும். மூன்றாவதில் முந்தைய பந்துக்குக் காட்டிய நிறம். உதைகள் அதே 12, தலையில் ஏறுவது வேறு. எல்லாருக்கும் சுற்றுகளை ஒரே வரிசையில் வைக்காதீர்கள்; மூன்றாவது சுற்றில் தெரிவது வெறும் களைப்பாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் 2 நிமிடம் நின்று ஓய்வு. பிறகு 5 மீட்டர் தள்ளி ஒட்டிய சாம்பல் நிறத் தாளை 30 நொடி பார்க்க வைத்து அடிப்படை அளவு எடுங்கள். சுற்றின் அளவிலிருந்து இதைக் கழித்து மில்லிமீட்டரிலேயே வையுங்கள். சதவீதமாக்கினால் சின்னப் பாவை உள்ளவரின் மாற்றம் பெரிதாகத் தெரியும். அட்டைகளும் ஒரே அளவு பிரகாசமாக இருக்கட்டும். மஞ்சளும் கருநீலமும் வைத்தால் நிறமே பாவையை அசைத்துவிடும்.

கண்ணாடியைப் பின்பட்டையால் இறுக்குங்கள். வியர்வையில் மூக்கிலிருந்து 2 மி.மீ. வழுக்கினாலே பார்வைப் புள்ளி பக்கத்து ஆள் மீது விழலாம். பந்து வரும் தூரத்திலேயே ஒரு குறியை வைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதைப் பார்க்கச் சொல்லிச் சரிபார்க்கவும். ஹெட்டர் (தலையால் பந்தை முட்டுவது) கூடவே கூடாது.

தரவைத் திறந்ததும் சிமிட்டலுக்கு இருபுறமும் 100 மில்லிநொடி வெட்டுங்கள். இமை பாதி மூடும்போது பாவை சுருங்கியதுபோலத் தெரியும். தரவில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன சுற்றைத் தூக்கி எறியுங்கள். பாவை மெதுவாக அசைவது. அட்டை தூக்கி ஒரு நொடிக்கு மேல் ஆன பிறகே உச்சம் வரலாம். எனவே பந்துக்குப் பந்து பார்க்காமல் சுற்றின் சராசரியைப் பாருங்கள்.

பார்வைத் தாவல்களை (கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று பாய்வது) எண்ணுகிறீர்களா? 50 ஹெர்ட்ஸ் கண்ணாடி 20 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் படம் எடுக்கும். சின்னத் தாவலே 30 மில்லிநொடியில் முடிந்துவிடும். எண்ணிக்கை ஓரளவு தேறும், வேகம் தேறாது. அதற்கு 200 ஹெர்ட்ஸாவது வேண்டும். இன்னொரு பொறி, தலைத் திருப்பம். பந்தின் மேலேயே பார்வையை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பினால் கண் எதிர்ப்பக்கம் உருளும். கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கான 'கண் நொடிக்கு 30 பாகைக்கு மேல் திரும்பினால் தாவல்' என்ற எல்லையை அப்படியே வைத்தால் மென்பொருள் அதையும் தாவலாக எண்ணும். அணியும் கண்ணாடிகளுக்கு, கண் அளக்கும் கருவிகள் செய்யும் டோபி நிறுவனம் 100 பாகை வைத்திருப்பது சும்மா இல்லை.

பெரிய பாவை என்றாலே பெரிய சுமை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமை தாங்கும் அளவைத் தாண்டி, ஆட்டக்காரர் மனதுக்குள் கைவிட்டுவிட்டால் பாவை மறுபடி சுருங்கும். மூன்றாவது சுற்றில் பாவை சின்னதாகவும் தவறுகள் அதிகமாகவும் இருந்தால் அது எளிதாகிவிட்டதன் அடையாளம் அல்ல. அதனால் சுற்று முடிந்ததும் 'எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது' என்று 0 முதல் 100 வரை ஒரு எண் கேளுங்கள். தவறான கேட் வழியாக அடித்ததையும் எண்ணுங்கள். பாவை, அந்த எண், தவறுகள் மூன்றும் ஒத்துப்போனால்தான் பேச ஏதாவது இருக்கிறது.

கண்ணாடி வாங்க வசதியில்லாத அகாடமிக்கு வேறு வழி இருக்கிறது. நார்வேயின் ஆய்வாளர் கெயர் யோர்டெட் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களின் வீடியோவை வைத்து, பந்து கிடைக்கும் முன் தோளுக்கு மேல் எத்தனை முறை பார்க்கிறார்கள் என்று எண்ணினார். ஆட்டக்காரரை மட்டும் பெரிதாகக் காட்டும் ஒரு போன் கேமரா போதும்: அதே ஆள், அதே பயிற்சி, விதியை ஒரு படி கடினமாக்குங்கள். பார்ப்பது குறைந்து கண் பந்திலேயே ஒட்டிக்கொண்டால், அந்த விதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.