மூன்று பக்கம், மூன்று முத்திரை

நைரோபியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். காலநிலைப் பேச்சுவார்த்தைக்குப் போகும் இளைஞர்களின் விசா, டிக்கெட் எல்லாம் என் தலையில்தான் விழும். 2023 ஜூனில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த ஐ.நா. காலநிலைக் கூட்டத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பப் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிகிறது.

வடக்கு கென்யாவின் துர்கானாக்காரி, வயது 24, சட்டம் படித்தவள். தொடர்ந்து 5 பருவம் மழை பொய்த்த ஊர். என்னை ‘காக்கா’ என்பாள். சுவாஹிலியில் அண்ணன் என்று அர்த்தம்; முதல் மாதம் உறுத்தியது, அப்புறம் பழகிவிட்டது.

கூட்டத்துக்குள் நுழையும் பேட்ஜ்தான் பெரிய மலை என்று நினைத்திருந்தோம். பார்வையாளர் பேட்ஜ் ஓர் அமைப்புக்கு இத்தனைதான் என்று அளந்து தருவார்கள். பேரம் சூடாகும் அறையிலிருந்து வெளியே போகவும் சொல்லலாம். அதனால் கென்ய அரசுக் குழுவிலேயே பெயரைச் சேர்க்கக் கேட்டோம். ஆச்சரியம், இரண்டே மின்னஞ்சலில் முடிந்தது.

மாட்டிக்கொண்டது விசாவில். துர்கானாவின் லொட்வாரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவளை விசா கவுன்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 30,000 யூரோ காப்பீடு, டிக்கெட் முன்பதிவு எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். கவுன்டரில் இருந்தவர் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிவிட்டு, “முத்திரை எங்கே?” என்றார். ஆன்லைனில் எடுத்தது என்றேன். பக்கத்துக்குப் பக்கம் பேங்க் முத்திரை வேண்டுமாம். மொத்தமே மூன்று பக்கம். மறுபடி தேதி வாங்கு என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாம் முறை முத்திரையோடு போனால், பெயர் இடித்தது. பாஸ்போர்ட்டில் மூன்று பெயர், அரசு கூட்டத்துக்குப் பதிவு செய்ததில் இரண்டு. இது மட்டும் என் தப்பு. அவள் மின்னஞ்சலில் இருந்த பெயரையே கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் கீழே இரண்டு வரி குறியீடு இருக்குமே, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள்.

திருத்தி வாங்கி, மூன்றாம் முறை விண்ணப்பம் உள்ளே போனது. 80 யூரோ கட்டணமும் போனது. காலண்டர் பார்க்காமல் விட்டதற்கு என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டும். மே 29 ஜெர்மன்காரர்களுக்கு விடுமுறை, ஜூன் 1 கென்யாவில் மதாரக்கா நாள். ஜூன் 5 திங்கட்கிழமை கூட்டம் தொடங்கியபோது அவள் என் அலுவலக சோஃபாவில் உட்கார்ந்து போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பக்கம் போகவே முகமில்லை.

வியாழக்கிழமைதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அன்றிரவே விமானம். ஃபிராங்க்ஃபர்ட், சீக்பூர்க் வரை ரயில், அங்கிருந்து 66ஆம் நம்பர் டிராம். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள்.

போனவளிடமிருந்து முதல் போன். ஒரே சிரிப்பு. “காக்கா, இங்கே இன்னும் நிகழ்ச்சி நிரலே முடிவாகவில்லை!” உமிழ்வுக் குறைப்பு வேலைத்திட்டத்தைத் தலைப்பாகச் சேர் என்று ஒரு தரப்பு, அப்படியானால் வளரும் நாடுகளுக்கான பணத்துக்கும் ஒரு தலைப்பு வை என்று இன்னொரு தரப்பு. தற்காலிக நிரலை வைத்தே வேலை நடந்தது. கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு நிரலை ஏற்றது 14ஆம் தேதி. 15ஆம் தேதி கூட்டமே முடிகிறது! இதற்கா மூன்று பக்கத்துக்கு முத்திரை கேட்டு எங்களை அலையவிட்டார்கள்?

தகவமைப்பு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது பற்றிய அறையில் ஒரு மதியம், குழுவின் மூத்தவர் வேறு கூட்டத்துக்கு ஓட வேண்டியிருந்ததால், கென்யா என்று எழுதிய பெயர்ப் பலகைக்குப் பின்னால் அவளே உட்கார்ந்தாளாம். மைக் பட்டனை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்த போட்டோவை அனுப்பினாள். அவள் போட்டிருந்த கோட் எங்கள் அலுவலகத் தோழியுடையது, கை கொஞ்சம் நீளம்.

இப்போதெல்லாம் யார் கிளம்பினாலும் முதலில் பேங்க்குக்குத்தான் ஓடுகிறேன். எழுத்தே இல்லாத பின்பக்கத்திலும் முத்திரை குத்தச் சொல்கிறேன். அங்கிருக்கும் அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். ஆனால் குத்திக் கொடுத்துவிடுகிறார்.