காரையாற்றில் மூன்று இரவுகள்: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 1, வியாழன். ரயிலில்

நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டது. சின்னவள் மடியில் தூங்குகிறாள். ஒன்றரை வயது. பெரியவனுக்கு ஆறு. மேல் படுக்கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவது இவர் வீட்டு வழக்கம். அம்பை, தூத்துக்குடி, கோவை, பெங்களூர் என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகள் எல்லாரும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே படுப்பது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். கல்யாணமான 2017இல் நான் போனேன். அப்புறம் பெரியவன் கைக்குழந்தை, கொரோனா, சின்னவள் வயிற்றில் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. பெரியவனுக்கு இவர்களில் பாதிப் பேரைத் தெரியாது. சாயங்காலம் கல்யாண ஆல்பத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பெரிய தாத்தாவைப் பார்த்து "இது யாரு அங்கிள்?" என்றான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இந்த வருஷம் எப்படியாவது கிளம்பிவிட வேண்டும் என்று நின்றேன்.

ஒரு பை முழுக்க சின்னவளுக்குத்தான். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி லங்கோடு இருபது, காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ், கொசுவலை, வறுத்துப் பொடித்த சத்துமாவு. ரயிலுக்கு மட்டும் நாலு டயபர். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அறிவித்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. அந்த மண்ணில் டயபரைப் புதைத்துவிட்டு வர எனக்கு மனசு வராது.

ஆகஸ்ட் 2, வெள்ளி. காரையாறு

திருநெல்வேலியில் இறங்கி, அம்பையில் இட்லி சாப்பிட்டு, அகஸ்தியர்பட்டியில் அரசு பஸ் ஏறினோம். பாபநாசம் சோதனைச் சாவடியில் எல்லாருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். பக்கத்து சீட்டு அம்மா கொண்டுவந்த பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் பையில் எதுவும் சிக்கவில்லை. சாவடியைத் தாண்டியதும் செல்போனில் சிக்னல் போய்விட்டது.

பெரிய மாமா முந்தியே வந்து இடம் பிடித்திருந்தார். கம்பு நட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, மூன்று பக்கமும் பழைய சேலையால் மறைப்பு. நடுக்கம்பின் உச்சியில் அத்தையின் சிவப்புச் சேலைத் துண்டு ஒன்று பறந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான குடில்கள், எல்லாம் ஒரே மாதிரி நீலத் தார்ப்பாய். பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்புத்தான் அடையாளம். "எங்க போனாலும் செவப்பு எங்க நிக்குன்னு பாத்துட்டுப் போகணும், சரியாய்யா?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் மாமா தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் வண்டி கட்டி வந்து பத்துப் பதினைந்து நாள் தங்குவார்களாம். இப்போது சில நாளுக்குத்தான் அனுமதி. மாமாவுக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கு இது சரி என்றே படுகிறது. இத்தனை அடுப்பும் இத்தனை சோப்பும் பதினைந்து நாள் நீடித்தால் அந்த ஆறு தாங்காது.

ராத்திரி படுக்கும் வரிசையை அத்தைதான் சொன்னார். வாசல் ஓரம் ஆண்கள். சேலை மறைப்பை ஒட்டி, சாரல் தெறிக்கும் பக்கம் பெரியவர்கள். பிள்ளைகள் நடுவில். பதினான்கு பேர். சின்னவளை எனக்கும் ஆச்சிக்கும் இடையில் போட்டேன். கொசுவலைக்குள் வர மாட்டேன் என்று அழுதவள், ஆச்சி முதுகில் தட்டியதும் அடங்கிவிட்டாள். பெரியவன் கோவை அண்ணன் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். ஆற்றுச் சத்தம் விடாமல் கேட்கிறது. டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

காலையில் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போனோம். மேலே 143 அடி காரையாறு அணை. கீழே பாறைகளுக்கு நடுவில் தாமிரபரணி முழங்கால் அளவு ஓடுவதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் பாறை முழுக்கப் பாசி, ஓரடி தள்ளினால் ஆழமான கசம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் என்று கணக்குப் போட்டுத்தான் இறக்கினோம். ஒரு மணி நேரம் ஒரு குறையும் இல்லை.

குடிலுக்குத் திரும்பி சின்னவளுக்கு உடம்பு துவட்டி நிமிர்ந்தால் பெரியவனைக் காணோம். அவன் செருப்பும் இல்லை. நான் ஆற்றைப் பார்த்துத்தான் ஓடினேன். வேறெங்கும் தேட எனக்குத் தோன்றவே இல்லை. கரையில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். இவர் மைக்கில் சொல்லச் சொல்லி போலீஸ் பந்தலுக்கு ஓடினார். பேர் சொல்லிக் கூப்பிடும் முன்பே தூத்துக்குடி நாத்தனார் மகள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள். அவள் எட்டாம் வகுப்பு. "மணி மரம் பாக்கணும்னு சொன்னான் அத்தை, நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஆச்சிட்ட சொல்லிட்டுத்தான் போனோம்" என்றாள்.

ஆச்சி என்னிடம் சொல்ல மறந்திருக்கிறார். பத்து நிமிஷம். நான் யாரையும் திட்டவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவனோ, "அம்மா, அந்த மரம் மணிய முழுங்குது!" என்கிறான். நிஜம்தான். கோயிலில் நிற்கும் இலுப்பை மரத்தில் நேர்ச்சைக்குக் கட்டும் மணிகளை, பட்டை வளர்ந்து வளர்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மணி விழுங்கி மரம் என்றே பேர். பாதி புதைந்த மணி ஒன்றைத் தொட்டுப் பார்த்தானாம்.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். பிள்ளையை யார் எங்கே கூட்டிப் போனாலும், பெற்றவளிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆச்சியே முன்னால் நின்று இதை எல்லாரிடமும் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் நல்ல சாரல். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பிள்ளைகளை உட்காரவைத்து மாமா முத்துப்பட்டன் கதை சொன்னார். பிராமணனாய்ப் பிறந்த முத்துப்பட்டன் இந்தக் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியக் குலத்துப் பெண்களைக் கண்டு ஆசைப்படுகிறான். பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டால் பெண் தருவேன் என்கிறார் அவர்களின் அப்பா. அவன் கற்றுக்கொள்கிறான். பின்னால் மாடு கடத்த வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். அவன்தான் பட்டவராயன். அதனால்தான் அவன் சன்னதிக்குச் செருப்புக் காணிக்கை. கட்டிவைத்த செருப்பு கொஞ்ச நாளில் தேய்ந்திருக்கும், ராத்திரி அவன் காட்டைச் சுற்றி நடப்பான் என்று நம்புகிறார்கள்.

"எங்க வீட்டுக்குன்னு சாமி இல்லாம போனாலும், இந்தச் செருப்ப மட்டும் மறக்கக் கூடாதுல" என்றார் மாமா. ஒரு ஆள் சாதியை உதறினான் என்பதற்காகச் செருப்பைக் கும்பிடுகிற இடம் இது. என் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டு வளர வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன். பெரியவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அவர் தச்ச செருப்ப யார் போட்டா?" மாமாவுக்குப் பதில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

விடியும் முன்பே ஆற்றில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகளை இன்று இறக்கவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குடில் வாசலிலேயே குளிப்பாட்டினோம்.

பொங்கல் வைத்தோம், படைத்தோம். மதியம் கறிச்சோறு. பட்டவராயனுக்கு வாங்கிவந்த தோல் செருப்பைப் பெரியவனும் கோவை அண்ணனும் ஆளுக்கொன்றாய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள்.

முன்பெல்லாம் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்காருவார். 2017இல் நானே பார்த்தேன். முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். அந்த இடத்தைக் கடக்கும்போது அத்தை நின்று பெருமூச்சு விட்டார்.

பூக்குழி பார்க்க நான் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. ஆச்சியும் முட்டிவலி என்று என்னோடு இருந்துவிட்டார். தூரத்து மேளத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் லங்கோடு மடித்தோம். ஈரச் சாரலில் பாதி காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடும் வழியை ஆச்சிதான் சொன்னார்.

ஆகஸ்ட் 5, திங்கள். மறுபடி ரயிலில்

காலையில் குடிலைப் பிரித்தோம். கம்புகள் அம்பை வீட்டுப் பரணுக்குப் போகும், அடுத்த ஆடிக்கு. பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு சாக்கோடு எங்கள் இடத்தையும் பக்கத்து இடத்தையும் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். பாபநாசத்தில் படித்துறையை ஒட்டிப் பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகள் மிதப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது எனக்கு வயிறெரிந்தது.

இப்போது மணி ஒன்பது. பெரியவன் மேல் படுக்கையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு, குடிலில் யார் பக்கத்தில் யார் படுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "வாசல்ல பெரிய தாத்தா, அப்புறம் அப்பா, அப்புறம் சித்தப்பா..." விரல் விட்டு எண்ணிப் பதிமூன்றில் நிற்கிறான். மறுபடி முதலிலிருந்து சொல்கிறான், மறுபடியும் பதிமூன்று.

சின்னவள் என் மடியிலிருந்து தலையைத் தூக்கி "ஆச்சி" என்றாள்.